சுவருக்கு அடியில் நாற்பத்தேழு நாள்

மாரவிலச் சந்தி டைல் கடையில் 'சதுர அடி நூற்றுத் தொண்ணூறு' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதை அப்படியே நம்பி இத்தாலியில் மிலானோவில் இருந்த என் மனைவி இனோகாவுக்குப் போனில் சொன்னது என் தப்பு. இருபது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு, எழுதிப் போட்ட விலை ஒருபோதும் முழு விலை இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். அவள் வீட்டுக்கு வருகிற விஷயமாச்சே, ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இனோகா கணக்கில் புலி. நகரசபை முத்திரை குத்திய வீட்டுப் படம் அவள் போனில் இருந்தது. அதில் ஆயிரத்து நானூற்று அறுபது சதுர அடி என்று போட்டிருந்தது. அங்கே சாப்பாடு, பஸ், இங்கே எனக்கு அனுப்புவது எல்லாம் போக நாளொன்றுக்குப் பத்து யூரோ மிச்சம் பிடிப்பாள். இலங்கைக் காசில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய். அதாவது பத்துச் சதுர அடிக்கு ஒரு நாள்.

"நூத்தி நாப்பத்தாறு நாள் அன்ஸ்லம்!" என்று கத்தினாள். "சரியா ஜூன் முப்பது. எண்ட வேலைக் காகிதம் முடியிறதும் அண்டைக்குத்தான். மாதா கணக்குப் பாத்து வச்ச மாதிரி இருக்கு."

அவள் பார்த்துக்கொள்கிற கிழவியை நாங்கள் சிஞ்ஞோரா என்றுதான் சொல்வோம். அந்தச் சிஞ்ஞோராவின் மகன் இரண்டில் ஒன்று சொல்லச் சொல்லியிருந்தான். ஜூனோடு போவதென்றால் போகலாம், இருப்பதென்றால் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் இரண்டு மாதம், மூன்று மாதம் என்கிற பேச்சே கிடையாது. வேறு ஆள் தேட வேண்டும், ஆகவே வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

தரை முடியாமல் வரமாட்டேன் என்பது அவள் பிடிவாதம். அதைப் பிழை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் இத்தாலிக்குப் போன ஆள் ஒரேயடியாகத் திரும்பினால் நன்றிப் பூசை வைத்து, கோயிலில் இருந்த அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாற்சோறு கொடுக்க வேண்டும். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முதலில் பார்ப்பது தரையைத்தான். இரண்டு வருடத்துக்கு முன் இனோகா லீவில் வந்தபோது என் அக்கா பிரின்ஸி வாசலில் நின்றே கேட்டாள், "ஏழு வருசம் இத்தாலியில, வீட்டுல இன்னும் சிவப்புச் சீமெந்தா?" என்று. இனோகா சிரித்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அன்றிலிருந்து டைல், டைல், டைல்.

"நாளுக்கு ரெண்டு தரம் முழங்கால்ல நிண்டு சிஞ்ஞோராட சலவைக்கல் தரையத் துடைக்கிறன். எண்ட வீட்டுல ஒரு நல்ல தரையில வெறுங்கால் வச்சு நடக்க வேணாமா?" என்பாள். 

விக்டர் பாஸைக் கூட்டி வந்தேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்குத் தரை போட்ட மேசன், மேசன்மாரை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கடைக்காரன் நூத்தித் தொண்ணூறு எண்டானா? அது கல்லை வாங்கி மடியில வச்சிட்டு இருக்க, தம்பி. தரையில ஒட்ட வேணாமா?"

பிறகு அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பதிக்கிற கூலி தொண்ணூறு. சீமெந்தும் மணலும் நாற்பத்தைந்து. சுவரோரப் பட்டிக்கும் இடுக்குப் பூச்சுக்கும் இருபத்தைந்து. பத்துக் கல்லில் ஒன்று உடையும், மூலைக்கு வெட்டினால் வீணாகும், அதற்கு இருபது. லொறிக் கூலி ஒரு பக்கம். தரை ஒன்றரை அங்குலம் உயர்ந்தால் கதவுகள் திறக்காது, எல்லாக் கதவுக்கும் அடியைச் சீவ வேண்டும். அது இரண்டுக்கும் சேர்த்துப் பத்து. எல்லாம் போட்டால் சதுர அடி முன்னூற்று எண்பது.

நூற்றுத் தொண்ணூறுக்குச் சரியாக இரண்டு மடங்கு. பத்துச் சதுர அடிக்கு ஒரு நாள் என்பது ஐந்து சதுர அடிக்கு ஒரு நாள் ஆகிவிட்டது. ஜூன் முப்பதுக்குள் அவளால் எழுநூற்று முப்பது சதுர அடிதான் போட முடியும். அதற்கு மேல் ஒரு அடி கூடினாலும் இரண்டு வருடம்.

இதை அவளிடம் உடனே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு லீவு, அன்றுதான் ஆறுதலாகப் பேசுவோம். அதற்குள் வீட்டை எழுநூற்று முப்பதுக்குள் அடக்கிவிடலாம் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

முதல் நாள் நல்ல சகுனம்தான். பாஸ் டேப்பைப் பிடிக்க, நான் எழுதினேன். அறை அறையாகக் கூட்டினால் ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்துதான் வந்தது. மறுபடி கூட்டினேன், அதேதான்.

பாஸ் சிரித்ததில் வெற்றிலைச் சாறு என் சட்டையில் தெறித்தது. "படத்துல இருக்கிறது வெளிச்சுவரோட சேத்து, தம்பி. நீங்க ரெண்டு பேரும் சுவருக்கு அடியிலயும் டைல் போடப் பாத்திருக்கிறீங்க. எலி நடக்கவா?"

இருநூற்று முப்பத்தைந்து சதுர அடி. சுவருக்கு அடியில் மட்டும் நாற்பத்தேழு நாள். அந்த நாற்பத்தேழு நாளும் அவள் சிஞ்ஞோராவைத் தூக்கிக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சலவைக்கல் துடைத்து, யாரும் ஒருநாளும் மிதிக்காத இடத்துக்குத் தரை போட்டிருப்பாள். நினைக்கவே கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதிலிருந்து எனக்கு வெறி பிடித்துவிட்டது. வேனை நிறுத்திவிட்டு வந்ததும் டேப்பைத் தூக்குவேன். அலுமாரிக்கு அடியில் எதற்கு டைல்? இரண்டு அலுமாரிக்கும் இருபத்தைந்து அடி, ஐந்து நாள் மிச்சம். சமையலறை மேடைக்கு அடியில் முப்பது, ஆறு நாள். கட்டிலுக்கு அடியிலும் மாதா பீடத்துக்கு அடியிலும் நாற்பது. எட்டு நாள் முன்னதாக வருகிறாள்! மாதா மன்னிப்பாள், அவளும் ஒரு வீட்டுக்காரிதானே. முன் விறாந்தையை அப்படியே விட்டால் நூற்று இருபது, இருபத்துநாலு நாள். பின் அறையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டால் இன்னும் நூறு, இருபது நாள்.

தொள்ளாயிரத்துப் பத்து. கணக்கு அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

சனிக்கிழமை பின்னேரம் பாஸ் வந்தபோது வீட்டுச் சாமானில் பாதி முற்றத்தில் கிடந்தது. நான் கூடத்தின் நடுவில் முழங்காலில் நின்று, சோபாவுக்கு அடியை அளந்துகொண்டிருந்தேன்.

"இப்பிடியே போனா நீ நிக்கிற ரெண்டு அடிதான் மிஞ்சும்" என்றார். "இனோகா தங்கச்சி வந்து எங்க நிப்பா? உண்ட தோள்லயா?"

"பகிடி விடாதீங்க, பாஸ். நூத்தி எண்பது அடி கழிய வேணும். நாளைக்கு அவளுக்குச் சொல்லணும்."

என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பையிலிருந்து சுத்தியலையும் சோக்குக் கட்டியையும் எடுத்தார்.

"அளக்கிறத விடு. முதல்ல தரை எப்பிடி இருக்கெண்டு பாப்பம்."

டைல் போடுமுன் எங்கள் மேசன்மார் செய்கிற வேலை அது. சுத்தியல் பிடியால் தரையை அடி அடியாகத் தட்டிப் பார்ப்பார்கள். அடியில் விட்டுப்போன இடம் டொக்கு டொக்கு என்று பொய்யாகச் சத்தம் போடும். அங்கே சோக்கால் வட்டம் போடுவார்கள், உடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று அர்த்தம். பாஸ் குனிந்து, அறை அறையாகத் தட்டிக்கொண்டே போனார். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். முக்கால் மணி நேரம் எடுத்தது.

"இந்தத் தரை யார் போட்டது?"

"நீங்கதான், பாஸ். எங்க கல்யாண வருசம்."

"அதான் கல்லு மாதிரி இருக்கு" என்று தன்னையே மெச்சிக்கொண்டார். "அறுபது அடிதான் போயிருக்கு. மிச்சத்துக்கு ஒண்டுமில்ல. ஒருக்காப் பொலிஷ் போட்டா முகம் பாக்கலாம்."

அவர் போன பிறகு சோக்குக் கோடுகளைப் பார்த்தேன். வட்டம் வட்டமாக வரவில்லை, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு பாதையாக ஓடியிருந்தது. கட்டிலில் நான் படுக்கிற பக்கத்தில் தொடங்கி, கதவால் வெளியே வந்து, சமையலறை அடுப்படிவரை போய், அங்கிருந்து திரும்பி, ஜன்னலோரம் போன் சிக்னல் கிடைக்கிற நாற்காலிக்கு வந்து, கடைசியில் வாசலில் முடிந்தது. அந்த நாற்காலிக்கு முன்னால்தான் மோசம். இரண்டு குதிகால் அளவுக்குச் சிவப்பே இல்லை, சாம்பல் சீமெந்து தெரிந்தது.

ஒன்பது வருடமாக இவ்வளவு பெரிய வீட்டில் நான் வாழ்ந்தது அறுபது சதுர அடி.

ஈரத்துணியால் மற்ற இடத்தைத் துடைத்தேன். கட்டிலில் அவள் படுக்கிற பக்கம், கண்ணாடிக்கு முன்னால் அவள் தலை வாருகிற இடம், சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலி. தூசு போனதும் சிவப்பு, நல்ல குங்குமச் சிவப்பு. சனிக்கிழமைகளில் தேங்காய் மட்டையை ஒரு காலுக்குக் கீழே வைத்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆடுகிற மாதிரி வீடு முழுக்கத் தேய்ப்பாள். ஏர்போட் போன அன்று காலையில்கூடத் தேய்த்துவிட்டுத்தான் போனாள். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், வெட்கம் என்ன, வீட்டில் யார் இருந்தது?

ஞாயிறு நாலு மணிக்குக் கூப்பிட்டாள். பின்னால் ஆட்கள் பேசுகிற சத்தம். லீவு நாளில் நம் பெண்கள் கூடுகிற பூங்கா.

"சொல்லுங்க, டைல்காரரே. முன்பணம் குடுத்தாச்சா?"

ஒன்றையும் ஒளிக்கவில்லை. முன்னூற்று எண்பதைச் சொன்னேன். சுவருக்கு அடியில் நாற்பத்தேழு நாளைச் சொன்னேன், சிரித்தாள். அலுமாரி, மாதா பீடம், கிணற்றுச் சாவி எல்லாம் சொன்னேன், இன்னும் சிரித்தாள். தொள்ளாயிரத்துப் பத்து என்றதும் சிரிப்பு நின்றது.

"அப்ப நூத்தி எண்பத்திரண்டு நாள்." அவளுக்கு இதற்கெல்லாம் பேப்பர் தேவையில்லை. "ஜூனுக்குள்ள ஏலாது."

"ஏலாது."

"சரி, விடுங்க. ரெண்டு வருசம் ஓடிரும். ஒன்பது ஓடல்லியா? நாளைக்குக் கையெழுத்துப் போடுறன்." குரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள். எனக்குத் தெரியாதா?

"இனோகா, இன்னொரு கணக்கு இருக்கு. பாஸ் தட்டிப் பாத்தார். உண்மையில பழுதானது அறுபது அடிதான்."

"அறுபதா? எங்க?"

பாதையைச் சொன்னேன். என் பக்கக் கட்டில், அடுப்படி, ஜன்னல் நாற்காலி, வாசல்.  

"எண்ட பக்கம்?" என்றாள்.

"நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு. நேத்துத் துடைச்சன். ஒரு கீறல் இல்ல."

"ஒண்டுமேயா தேயல்ல?"

"யார் தேய்க்க?"

 அங்கே யாரோ அவளை அக்கா, தேத்தண்ணி என்று கூப்பிட்டார்கள். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அந்த அறுபதுக்கு டைல் வேணாம்" என்றாள். "விக்டர் பாஸுக்குச் சொல்லுங்க, சிவப்புச் சீமெந்தே போடச் சொல்லி. அதுக்கு எத்தின நாள்?"

"உண்ட கணக்குல நாலு நாள். ஆனா புதுச் சிவப்பு பழசோட சேராது. ஒட்டுப் போட்டது தெரியும். பிரின்ஸி அக்கா குனிஞ்சு பாப்பா."

"பாக்கட்டும். நல்லாக் குனிஞ்சு பாக்கட்டும்."

"அப்ப நாளைக்கு அந்த மகன்கிட்ட..."

"ஜூனோட சரி எண்டு சொல்லிருவன்." பிறகு, பழைய சனிக்கிழமைக் குரலில் அதட்டினாள். "இங்க பாருங்க, நான் வரும்வரைக்கும் எண்ட பக்கத்துல நடக்கக் கூடாது. மிச்சத்த நான் வந்து தேய்ச்சுக்கிறன்."