வியோலா வரியில் ஐந்து கட்டங்கள்

"எண்பத்தொண்ணு" என்று வாய்விட்டுப் படித்தபோதுதான் மகள் வியோலா வரி காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியம். அப்பாவின் கட்டிலருகே முக்காலி போட்டு, மடியில் பெரிய ஸ்கோர் நோட்டை விரித்திருந்தாள். இசைக்குழுவின் அத்தனை வாத்தியங்களும் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரி வரியாக இருக்கும். அவரவர் வரியைப் பிரித்துத் தனித்தாளில் எழுதிக் கொடுப்பது அவள் தொழில். பதினெட்டு வருஷமாக அந்தப் பிழைப்புதான். எழுதியதை, எண் போட்ட தாளக் கட்டம் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டுவாள், அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். தப்பிருந்தால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு. பேச்சு நின்றுபோன இந்த ஒரு வாரமாக அந்தத் தட்டுதான் அவருடைய பேச்சு.

காலி என்றால் மௌனம் என்று அர்த்தமில்லை. வாத்தியம் சும்மா இருக்க வேண்டுமானால் கட்டத்துக்குள் சின்னதாக ஒரு கறுப்புப் பட்டை போட்டிருப்பார்கள். இங்கே அதுவும் இல்லை. எண்பத்தொன்று முதல் கடைசிக் கட்டமான நூற்று நாலு வரைக்கும் வியோலாவுக்கு வெறும் கோடு. வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வியோலா அப்பாவின் சொந்த வாத்தியம்!

அவளுக்கு எரிச்சல் வந்தது. பதினோரு வருஷம் உட்கார்ந்து இதை எழுதின மனுஷர், முக்கோணக் கம்பியை டிங் என்று ஒரே ஒரு தடவை தட்டுகிறவருக்குக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறார்.

குழு வழக்கமாக வாசிக்கும் பழைய தொகுப்பு ஒன்று ஊருலகத்துக்கே தெரிந்தது. ஏழு தொழிலாளிகள், ஏழு பகுதிகள். கொல்லன், தச்சன், நெசவாளி என்று ஆரம்பித்துத் தபால்காரரில் முடியும். எழுதியவர் போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தச்சனின் மெட்டை ஆஸ்பத்திரி லிஃப்டில்கூடப் போடுகிறார்கள். அப்பா அதை ஒரு இருநூறு தடவையாவது வாசித்திருப்பார். ஒருநாள் கச்சேரி முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஏழு பேரும் வேலைக்குப் போறாங்க, சரி. அவங்க சட்டையை யார் தச்சது?" என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது எட்டாவது பகுதி, 'தையல்காரி'. முடியவும் இல்லை, விடவும் இல்லை. குழுவில் அவருக்கு 'ஏழரை' என்று பெயர் வைத்தார்கள். அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

அம்மா தையல்காரி. "என் மெஷினுக்கு எண்ணெய் போடுங்கன்னா போட மாட்டாரு, அதுக்குப் பாட்டு போடுறாராம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

இசைக்குழுவை நடத்தப் புதிதாக வந்த கண்டக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, ஆச்சரியம், வாசிக்கலாம் என்றார். ஒரே நிபந்தனை. வியாழக்கிழமை பத்து மணி ஒத்திகைக்கு எல்லாத் தாளும் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கம்போல ஏழோடு முடித்துக்கொள்வார்கள்.

"அப்பா, இங்க உங்க வரியை நீங்க எழுதவே இல்லையே."

அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு அசடு வழிந்த ஒரு சிரிப்பு. அவளுக்கு விளங்கிவிட்டது. அவர் எழுதும் விதமே அதுதான். வியோலாவைத் தாடையில் இடுக்கித் தன் வரியை வாசிப்பார், நிறுத்துவார், அதற்கு மேலும் கீழும் மற்றவர்கள் என்ன வாசிக்க வேண்டுமென்று எழுதுவார். தன் வரியைக் கடைசியில்தான் சேர்ப்பார்; இங்கே அது விட்டுப்போயிருக்கிறது. தன் வரி கையிலேயே இருக்கிறதே, எங்கே ஓடிப்போகிறது? வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் தனக்குத் தட்டெடுக்க மறப்பவர் மாதிரி.

அவருடைய இடதுகை போர்வைமேல் ஊர்ந்து வந்து நின்றது. கட்டைவிரல் அடியில், மற்ற நாலும் வளைந்து மேலே. வியோலாவின் கழுத்தைப் பிடிக்கிற பிடி.

அவள் பென்சிலை எடுத்தாள். "நான் உங்களுக்குக் கீழே இருக்கிற செல்லோ வரியைப் பாடுறேன். நீங்க வாசிங்க."

பாடினாள். அவளுக்குக் குரல் வளமெல்லாம் கிடையாது, ஆனால் தாளம் பிசகாது. போர்வையில் விரல்கள் அழுந்தின. ஆள்காட்டி ஒன்று, நடுவிரல் இரண்டு, மோதிரவிரல் மூன்று, சுண்டுவிரல் நாலு. எதுவும் அழுந்தாவிட்டால் பூஜ்யம், அதாவது விரல் வைக்காமல் இழுக்கிற வெறுங்கம்பி. கட்டத்துக்குக் கட்டம் எண்களைக் குறித்துக்கொண்டே போனாள். எந்த விரல் என்று தெரிந்தது. நாலு கம்பிகளில் எந்தக் கம்பி என்று போர்வை சொல்லவில்லை. அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

தொண்ணூற்றொன்பதாம் கட்டத்தில் மோதிரவிரல் அழுந்தியது. நூறில் ஒன்றும் அழுந்தவில்லை. பூஜ்யம் என்று எழுதினாள். நூற்றொன்றிலும் பூஜ்யம். கடைசி வரை பாடி முடித்தாள்.

"முடிஞ்சதுப்பா. கம்பி மட்டும் சொல்லிடுங்க."

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். பிறகு மகளைப் பார்த்து, "நோட்டை மூடு" என்றாள்.

மகள் நூற்று நாலுக்குக் கீழே எழுதியிருந்த பூஜ்யத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எந்தக் கட்டத்தில் போனார் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். இந்தக் கணக்கு தனக்கு எதற்கு என்று அழுகை வந்தது.

மறுநாள் காலை வீடு நிறைய நாற்காலி. அழ வேண்டியவர்கள் அழுதார்கள், மற்றவர்கள் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று விசாரித்தார்கள். குழுவில் தாள்களுக்குப் பொறுப்பானவர் போன் செய்து துக்கம் விசாரித்தார். விசாரித்த கையோடு விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்குத் தாள்?"

"மத்தது எல்லாம் ரெடி. வியோலால மட்டும் இருபத்துநாலு கட்டம் பாக்கி."

"வியோலாதானே, யார் காதுல விழப்போகுது? செல்லோவைப் பார்த்து ஏதாவது நிரப்பிடுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பத்து நிமிஷ வேலை. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் வாசித்ததில் அவருடையது என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு வரிதான் உண்டு; அதிலும் அவள் கைச்சரக்கா?

பங்காளி பத்தரைக்கு வந்தார். சொந்தமில்லை. இருபத்தாறு வருஷம் அப்பாவோடு ஒரே ஸ்டாண்டைப் பங்குபோட்டுக்கொண்டவர், அதனால் அந்தப் பெயர். அப்பா பக்கத்தைச் சீக்கிரம் புரட்டிவிட்டார் என்று இருவருக்கும் மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்ததும் உண்டு. அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார்.

மகள் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினாள். "மாமா, இது அப்பாவோட விரல். கம்பி தெரியல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். எண்களைப் பார்க்கப் பார்க்க அவருடைய இடதுகை தொடைமேல் தானாக வளைந்தது.

"இதோ, இங்க நாலாம் விரல் போட்டிருக்கார் பாரு. சோம்பேறி மனுஷன், நாலாம் விரலே போட மாட்டாரு. அடுத்த கம்பியை வெறும்னே இழுத்துட்டுப் போயிடுவாரு. சுண்டுவிரல் நோகுமாம்." சிரிக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். "போட்டிருக்கார்னா அது மேல்கம்பி. அதுக்கப்புறம் கம்பி கிடையாது, வேற வழியில்ல. அப்ப முன்னாடி இருக்கிற மூணாம் விரல் அதுக்குக் கீழ்க்கம்பி. எழுதிக்கோ."

வண்டி வருவதற்குள் பத்தொன்பது கட்டங்கள் முடிந்தன. நடுவே இரண்டு தடவை எழுந்துபோய் வந்தவர்களுக்குக் கைகூப்பிவிட்டு வந்தாள். ஒரு அத்தை, "இந்த நேரத்துல என்னடி கணக்கு?" என்று கேட்டாள். அம்மாதான், "அவ செய்யட்டும், விடுங்க" என்றாள்.

பங்காளியின் விரல் நூறாம் கட்டத்தில் நின்றது. "இங்கேர்ந்து பூஜ்யம் பூஜ்யமா போட்டிருக்கே. வெறுங்கம்பியா?"

"இல்ல மாமா." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு மேல அவர் வாசிக்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "செல்லோவோட சேர்த்து ஒரே சுரத்தை நீளமா வச்சுடலாம்மா. கேட்க நல்லாத்தான் இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கும்" என்றாள் மகளும்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அவள் பூஜ்யங்களை ரப்பரால் அழித்தாள். பேனாவை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மௌனக்குறி போட்டாள். ஐந்து. மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தபடியே வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் போனாள்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு அம்மாவும் வருவேன் என்றாள். பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். தபால்காரர் முடிந்ததும் பழக்கதோஷத்தில் பாதிப்பேர் தாளை மூடிவிட்டார்கள். முரசுக்காரர் உறையை எடுத்துப் போர்த்தவே ஆரம்பித்தார். கண்டக்டர் குச்சியால் தட்டி, "இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார். தாள்கள் மறுபடி திறந்தன.

இரண்டாம் வயலின்கள் தையல் ஓட்டத்தைத் தொடங்கின.

"இது நம்ம பழைய மெஷினு" என்றாள் அம்மா மெதுவாக. "புதுசு இப்படிச் சத்தம் போடாது." கொஞ்ச நேரம் கழித்து, "நூல் அறுந்து மறுபடி கோர்க்கிறதக்கூட வச்சிருக்காரு" என்றாள்.

பங்காளி தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. பக்கம் புரட்டுவது எப்போதும் அப்பாவின் வேலை என்பதால் மகள் கடைசி இருபத்துநாலு கட்டங்களையும் ஒரே பக்கத்தில் அடக்கி எழுதியிருந்தாள். எண்பத்தொன்று வந்தது. சொன்னது போலவே யார் காதிலும் தனியாக விழவில்லை. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு விரலும் கேட்டது.

நூறில் வியோலாக்கள் எல்லாம் தாழ்ந்தன. மற்றவர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள். பங்காளி வியோலாவை மடியில் நிறுத்தி, கட்டைவிரலை ஆள்காட்டியின் கணுவில் வைத்தார்.

"இவங்க ஏன் வாசிக்கல?" என்று அம்மா கேட்டாள்.

"எண்ணிக்கிட்டிருக்காங்கம்மா."

"எதை?"

அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேடையைப் பார்த்தாள். கைப்பையின் மேல் இருந்த தன் விரல்களில் ஒன்றை மடக்கினாள். அப்புறம் அடுத்ததை.