கோட்டுச்சேரி விலை

பன்னிரண்டாம் தேதி மாலை நான்கு மணி.

தாமரைச்செல்வி கல்லாவுக்குப் பின்னால் நின்று கைபேசித் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். நாட்டின் விலைவாசி எண் இன்னும் வரவில்லை.

ஒவ்வொரு மாதமும் இதே நாளில், இதே நேரத்தில் அது வெளியாகும். அரிசி, எண்ணெய், பஸ் கட்டணம், வீட்டு வாடகை எல்லாம் ஓராண்டில் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும். ஏறினால் கடைக்கு எண்ணெய் டின் கூடுதலாக எடுத்துப்போடுவாள். இறங்கினால் பொறுத்திருப்பாள். சீட்டை எப்போது எடுப்பது, மகள் வெண்மதிக்குக் கல்லூரிக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டுவதா என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான். கோட்டுச்சேரி கடைத்தெருவில் மற்றவர்கள் பஞ்சாங்கம் பார்த்தார்கள்.

இன்று அவளுக்கு வேண்டியிருந்தது பெரிய பதில். கணவர் நீலமேகம் காரைக்காலில் வங்கியில் உட்கார்ந்திருந்தார். கோவில்பத்தில் வாங்கப்போகும் வீட்டுக்கு இருபது வருடக் கடன். படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் பாக்கி: மாறும் வட்டியா, மாறாத வட்டியா. விலைவாசி இறங்கிக்கொண்டே போனால் வட்டியும் இறங்கும். மாறும் வட்டி லாபம். ஏறத் தொடங்கினால் தவணை கழுத்தைப் பிடிக்கும். மாறாத வட்டிதான் காப்பாற்றும்.

"நம்பர் வரட்டும். பாத்துட்டு சொல்றேன். அதுவரைக்கும் டிக் போடாதீங்க" என்று மதியம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"உத்தரவு, டெல்லி ஜோசியரே" என்று வண்டியைக் கிளப்பினார் அவர்.

எண் வந்தது. சென்ற மாதத்தைவிடக் குறைவு.

அவளுக்கு எப்போதும்போல் கை சிலிர்த்தது. இத்தனை கோடிப் பேர் வாங்குவதும் விற்பதும் ஒரு புள்ளியும் இரண்டு மூன்று இலக்கங்களுமாக உள்ளங்கையில் வந்து நின்றது. எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் யாரோ எல்லாவற்றையும் பார்த்துச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

"ஏ செல்வி, போனை அப்புறம் கொஞ்சலாம். அரிசியப் போடு, பஸ்ஸு வந்துரும்."

காசியம்மா. கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவள். கூடை காலியாகியிருந்தது. செல்வி இரண்டு கிலோ பொன்னி நிறுத்துப் போட்டுப் பணத்தை வாங்கினாள்.

அப்போது கலைவாணன் வந்தார். ஓராண்டாக மாதம் ஒருமுறை வருகிற அரசு ஆள். முதல் நாள் அட்டையைக் காட்டி ஏதோ விளக்கினார். அட்டையில் சிங்க முத்திரையைப் பார்த்ததோடு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். விலை கேட்டு வருகிற அரசு ஆளிடம் என்ன சொல்லவேண்டும் என்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

"பொன்னி புழுங்கல் கிலோ என்னம்மா?"

"அம்பத்திநாலு சார்."

காசியம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"அடி ஆத்தி! இப்பத்தானே என்கிட்ட அறுவத்திரண்டுன்னு வாங்குன? பேண்ட் போட்டவருக்கு ஒரு வெல, கூடை தூக்குறவளுக்கு ஒரு வெலயா?"

"அக்கா, சும்மா இருங்க."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? சார், எனக்கும் நீங்களே வாங்கிக் குடுத்துடுங்க. பதினாறு ரூவா மிச்சம்."

கலைவாணன் கையிலிருந்த டேப்லெட்டைக் கல்லாமேல் வைத்தார்.

"ஒரு வருஷமா உங்க பொன்னி ஏறவே இல்ல. நல்ல கடைன்னு நெனச்சேன்" என்றார். "நான் உங்களப் பிடிக்க வரலம்மா. மொத நாளே சொன்னேனே." அவளுடைய கைபேசித் திரையைத் தொடாமல் காட்டினார். "இதுக்குத்தான் வர்றேன்."

"எதுக்கு?"

"இந்த நம்பருக்கு. நீங்க சொல்றத இதுல அடிக்கிறேன், மேல போகுது. இங்க உங்க கடை. அசாம்ல ஒரு கடை, காஷ்மீர்ல ஒரு கடை. நீங்கல்லாம் சொல்றதுதான் இது. வேற எங்கேருந்து வரும்?"

"எங்க கடை அரிசியா? இதுக்குள்ளயா?"

"உள்ளதான் இருக்கு."

அவள் திரையைப் பார்த்தாள். அதே எண். புள்ளிக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டாத தொலைவில், அவள் சாக்கிலிருந்த பொன்னி இருந்தது. ஆறு பிரிந்து வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவள். வாய்க்கால்களெல்லாம் மேலேறிப் போய் ஆறாவதை நினைத்துப் பார்த்ததில்லை. முதல் மாதம் சொன்ன ஐம்பத்து நான்கையே ஓராண்டாகச் சொல்லிவந்திருக்கிறாள். பிறகு ஒவ்வொரு பன்னிரண்டாம் தேதியும் அதையே தெய்வவாக்காக வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

கைபேசி அடித்தது. நீலமேகம்.

"செல்வி, அஞ்சு மணிக்கு மூடிருவாங்க. மேனேஜர் என்னையே பாக்குறாரு. வந்துச்சா?"

"வந்துச்சு."

"எறங்கியிருக்கா?"

"எறங்கித்தான் இருக்கு."

"அப்ப மாறுற வட்டியில போட்டுரவா?"

"போடாதீங்க. செத்த இருங்க. போனை வெச்சிராதீங்க."

கைபேசியைக் கல்லாமேல் வைத்தாள்.

"பொன்னி அறுவத்திரண்டு சார். பருப்பு, எண்ணெய் எதுவும் நான் போன தடவை சொன்ன வெல இல்ல. மொதல்லேருந்து கேளுங்க."

அவர் கேட்டார். அவள் சொன்னாள். ஒவ்வொரு விலைக்கும் அவர் விரல் இறங்குவதைப் பார்த்தாள். பொன்னிக்கு வந்தபோது, இவ்வளவு ஏற்றம் சரிதானா என்று டேப்லெட் கேட்டது. அவர் சரி என்று அழுத்தினார். திரையில் ஒரு சிறு வட்டம் சுற்றி நின்றது.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

சத்தமே இல்லை. எதிர்க்கடை ஓட்டின்மேல் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அதுவும் அசையவில்லை.

"நான் குடுத்த வெலயா டெல்லிக்குப் போவுது?" என்றாள் காசியம்மா. அவளுடைய பஸ் போய்விட்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கல்லாமேலிருந்து நீலமேகத்தின் குரல் சன்னமாகக் கேட்டது. "செல்வி? இருக்கியா? எதுல போட?"

அவள் தெருவைப் பார்த்தாள். வரிசையாகக் கடைகள். அதற்கப்பால் காரைக்கால் கடைத்தெரு, நாகப்பட்டினம், திருவாரூர். அதற்கப்பாலும் ஒவ்வொரு கடையிலும் ஒரு வாய். எல்லா வாயும் சேர்ந்து ஒரு எண்.

கலைவாணன் டேப்லெட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார்," என்றாள், "மத்த கடைக்காரங்கல்லாம் நெசத்தைத்தான் சொல்றாங்களா?"