அஸ்ஹானின் நெஞ்சுக்குழி

கிண்ணியா ஊர் தோன்றிய நாள் முதல் ஹிஸ்புல்லா ஹாஜியார் பரம்பரையில் ஒரு பிள்ளையும் சளிக்குத் தோற்றதில்லை. இதை ஹாஜியார்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே இருமல் வந்துவிட்டது.

மருமகள் சுஹைராவின் மூன்று மாதக் குழந்தை அஸ்ஹானோ பாலும் குடிக்காமல் மூச்சிரைத்துக் கிடந்தான். ஹாஜியார் சாம்பிராணிச் சட்டியோடு வந்தார்.

“புகை காட்டினா சளி ஓடிரும், மகள்.”

“சட்டியை வெளிய வைங்க மாமா. இஞ்ச பாருங்க!”

அவள் குழந்தையின் சட்டையை உயர்த்தினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழிந்தது.

“இது சும்மா சளி இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

“எங்கட பரம்பரையில…”

“பரம்பரையையும் ஆட்டோவில ஏத்துங்க மாமா. புள்ளையோட வரட்டும்.”

ஆஸ்பத்திரியில் உடனே மூச்சுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். “நல்ல நேரத்தில கொண்டு வந்தீங்க, தங்கச்சி” என்றார் டாக்டர். மறுநாள் மாலை நெஞ்சு குழியாமல் மூச்சுவிட்ட அஸ்ஹான், தாயின் மார்பைப் பற்றி விடாமல் குடித்தான். எதிர்க்கரைத் துறைமுகத்துக் கப்பல்களெல்லாம் தனக்காகவே சங்கு ஊதுவதுபோல் இருந்தது சுஹைராவுக்கு.

பார்க்க வந்தவர்களுக்கு ஹாஜியார் விளக்கினார்: “நெஞ்சு உள்ளுக்கு இழுத்தா வீட்டில வெச்சிருக்க ஏலாது. கண்டுபிடிச்சது நான்தான். கொஞ்சமும் பதறல்ல.”

நேற்றிலிருந்து அவர் காலில் கிடந்தது மனைவியின் செருப்பு.