போடாத டிவி

பரசுராமன் யாரையும் நம்ப மாட்டான். பால்காரன் ஊற்றும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பான். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். படப்பை தாண்டி ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. மோட்டார் மேல் புறங்கையை வைத்தால் போதும், எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லிவிடுவான். உலகத்தில் அவன் நம்பினது அந்தப் புறங்கையை மட்டும்தான்.

தொண்ணூற்றொன்று ஏப்ரலில் பள்ளிக்கூடம் மூடின வாரமே வீட்டில் ரகளை. அவன் பெண்சாதி அம்சவல்லி அப்போதுதான் சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பெரியவள் கங்காவுக்குப் பதினொன்று, சின்னவள் அமலாவுக்கு எட்டு. ரெண்டும் ஸ்டவ்வில் சோற்றை வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தன. சோறு கரியாகிப் புகை ரோட்டுக்கு வந்து, எதிர்வீட்டு அப்பாவு குடத்தோடு ஓடிவந்தார். அப்போதும் அதுகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வாலாஜாபாத்துல எங்க அக்கா வூட்ல வுட்டுட்டு வந்துர்றேன். ஸ்கூல் தொறக்கசொல்ல இட்டாந்துக்கலாம்," என்றாள் அம்சவல்லி.

பரசுராமன் வேலை முடிந்து வந்தால் ரெண்டும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தொங்கும். ரெண்டு மாசம் அது இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவது? அதை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை அவன்.

"பத்து நாள் குடு. ஒழுங்கு பண்றேன். ஒரு நாள் தவறினாலும் நீ இட்டுனு போ."

காலண்டர் தாளின் பின்பக்கம், கம்பெனி போர்டு மாதிரியே கோடு போட்டான். ஆறு மணி தண்ணி. ஏழு பெருக்கறது. எட்டு கையெழுத்து. பத்து கணக்கு. பன்னண்டு சோறு. ஒண்ணுலேர்ந்து மூணு தூக்கம். மூணுக்கும் நாலுக்கும் என்ன போடுவதென்று தெரியவில்லை, வெறுமனே விட்டுவிட்டான். டிவி, அப்பா வந்தப்புறம் அரை மணி.

"இன்னாப்பா, எங்களுக்கு ஓவர்டைம் உண்டா?" என்றாள் கங்கா.

"சூப்பர்வைசர்கிட்ட வாய் பேசாத."

பிளக்கைக் கழற்றி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அப்புறம் பிள்ளைகள் யோக்கியமா இல்லையா என்று எப்படித் தெரியும்? தினம் நாலரைக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், டிவியின் முதுகில் புறங்கையை வைப்பான். எட்டு நாளும் சில்லென்று இருந்தது.

ஒன்பதாம் நாள் சுட்டது.

"எத்தினி நேரம் பாத்தீங்க?"

"போடவே இல்லப்பா," என்றாள் கங்கா.

அமலா மெதுவாக, "பாத்தோம்பா. ஆனா போடாம பாத்தோம்," என்றாள்.

"போடாம பாத்தியா? யாருக்குடி காது குத்துற?"

அம்சவல்லி துணிகளை மடித்து ஒரு மூட்டையாகக் கட்டிக் கதவோரம் வைத்தாள். சனிக்கிழமை காலை பஸ்.

மறுநாள் வெள்ளி. பரசுராமனுக்கு வேலை ஓடவில்லை. சின்னது பொய் சொன்னால் மூக்கு துடிக்கும், நேற்றுத் துடிக்கவில்லையே. பெர்மிஷன் போட்டுவிட்டு, மூணு மணி வெயிலில் சைக்கிளை மிதித்தான். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனான், பிள்ளைகள் மேல் நம்பிக்கை வந்து இல்லை.

வாசற்கதவு திறந்திருந்தது. டிவி சத்தமே இல்லை. ரெண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தன, அணைந்த டிவிக்கு எதிரே.

அந்தச் சாம்பல் கண்ணாடிக்குள் வாசல் தெரிந்தது. வாசலுக்கு வெளியே ரோடு வில்லாக வளைந்து கிடந்தது. வேப்பமரம் தண்ணிக்குள் ஆடுவது போல ஆடியது. கட்டைவிரல் அளவு லாரி ஒன்று சத்தமில்லாமல் மிதந்து, ஓரத்தில் நீண்டு கரைந்தது.

"இப்ப ஆட்டுக்காரம்மா வரும் பாரு," என்றது தூக்கக் குரலில் சின்னது.

வந்தாள். பின்னாலேயே எறும்பு வரிசையாக ஆடுகள். பரசுராமன் மூச்சை விடவில்லை. தினம் மிதிக்கிற ரோடுதான், கனவில் போகிற ரோடு மாதிரி இருந்தது.

"அக்கா, புச்சா ஒருத்தன் வந்துகிறான்."

"திருடனா?"

"தல பெர்சா கீது. கால் குட்டியா கீது." கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. "நம்ப அப்பா மாதிரியே கீறான்."

பரசுராமன் கையைத் தூக்கினான். கண்ணாடிக்குள் அந்தக் குட்டி ஆளும் தூக்கினான். ரெண்டும் வீல் என்று கத்திக்கொண்டு திரும்பின.

"ஏன்டி, டிவி அந்த மூலைலதான இருந்துச்சு?"

"முந்தாநாள் வரிக்கும். அங்க பாதி ரோடுதான் தெரியும். நேத்து ஜன்னலாண்ட தள்ளிப் பாத்துட்டு, நீ வர்றதுக்குள்ள திருப்பி வெச்சிட்டோம். இன்னிக்கும் தள்ளினோம். இப்ப முழு ரோடும் வருது," என்றாள் கங்கா.

மேற்கு ஜன்னல். அதன் வழியே வெயில் நேராக டிவியின் முதுகில் விழுந்தது. புறங்கையை வைத்தான். சுட்டது. சூடான மோட்டார் வெயிலில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கடா என்று கம்பெனிப் பையன்களைத் திட்டுகிறவனே அவன்தான். கையை எடுத்து பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அம்சவல்லி கேட்டாள்: "டிவி பாத்தாங்களா, இல்லியா?"

"பாத்தாங்க. நானும் பாத்தேன். நாளிக்கு நீயும் பாரு, அப்பறம் பஸ் ஏத்து."

சனிக்கிழமை காலை நாலு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். மூட்டை கதவோரம் அப்படியே இருந்தது. கண்ணாடிக்குள் வாலாஜாபாத் பஸ் வந்தது, தீப்பெட்டி அளவு. வேப்பமரத்தடியில் நின்றது.

"சீக்கிரம் போ, சீக்கிரம் போ," என்று அமலா அதன் காதில் ஓதுவது போலச் சொன்னாள்.

அம்சவல்லி எழுந்திருக்கவில்லை. பஸ் வளைந்து, நீண்டு, கரைந்தது.

"அடுத்து இன்னாடி வரும்?" என்றாள் அவள்.