பந்து போன பிறகு

பெயின்டரின் கால் உடைந்த சத்தம் மைதானத்து வாசல் வரை கேட்டது என்று பிற்பாடு ஆட்கள் பேசிக்கொண்டார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனால் எல்லைக் கயிற்றை ஒட்டி உட்கார்ந்திருந்த அவன் மனைவிக்கு நன்றாகவே கேட்டது. காய்ந்த பலகையை முழங்காலில் வைத்து முறித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம். முறித்தவன் அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். டிப்போவின் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரன். அவனைத் தாண்டி யாரும் பந்தோடு போக முடியாது என்பதால் 'பூட்டு' என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம். பெயின்டர் ஆடியது கட்டடத் தொழிலாளர் அணிக்கு. வார நாட்களில் சாரத்தில் தொங்கிக்கொண்டு மாடிச் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பான். சனிக்கிழமை ஆனால் பந்தோடு பறப்பான். மச்சான்கள் இருவரும் எதிரெதிரே ஆடுவதைப் பார்க்கவே அந்த லீக்கில் ஒரு கூட்டம் வரும். ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒரே பைக்கில் வீட்டுக்கு வந்து, அவள் கையால் டீ குடித்துவிட்டு, நடந்து முடிந்த ஆட்டத்தை வாயால் இன்னொரு முறை ஆடித் தீர்ப்பார்கள்.

அன்று அரையிறுதி. இடைவேளைக்குப் பிறகு பெயின்டர் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு வந்தான். பூட்டு எதிரே வருவதைப் பார்த்ததும் பந்தை இடப்பக்கம் தட்டிவிட்டான். பந்து போயே போய்விட்டது. வேறொருவன் காலில் அது சேர்ந்த பிறகுதான், இரண்டு கால்களையும் நீட்டி, பூட்ஸ் ஆணிகள் மேலே தெரிய, பூட்டு சறுக்கிக்கொண்டு வந்தான். மூட்டு இல்லாத இடத்தில் பெயின்டரின் கால் மடங்கியது. அவன் உடனே கத்தவில்லை. யாருடைய காலோ என்பதுபோல அதைக் கொஞ்சநேரம் பார்த்தான். அப்புறம்தான் கத்தினான்.

நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். பூட்டு தலையைத் தொங்கப்போட்டு வெளியே நடந்தபோது டிப்போ ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "பூட்டுடா! எங்க பூட்டுடா!" கயிற்றைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்த அவள் காதில் அந்தக் கைதட்டல்தான் நெடுநாள் நின்றது.

இரண்டு எலும்பும் போயிருந்தது. கம்பி வைத்தார்கள். கம்பி வைத்த இடத்தில் சீழ் பிடித்தது. மறுபடி திறந்தார்கள், மறுபடி தைத்தார்கள். எல்லாம் முடிந்தபோது அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகிவிட்டது. "நடப்பாரு," என்றார் டாக்டர். "சாரத்துல ஏறுறதை மட்டும் மறந்துடுங்க."

அவளுடைய அம்மா பிளாஸ்கில் கஞ்சியோடு வந்து கட்டில் காலடியில் நின்றாள். "தெரியாம பட்டுடுச்சு மாப்பிள்ளை. அவன் சோறு தண்ணி இல்லாம கிடக்கிறான்."

"விடுங்க அத்தை. விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும்," என்றான் பெயின்டர்.

மனைவி கஞ்சியை ஆற்றினாள். ஆற்ற வேண்டியது கஞ்சியை மட்டுமா?

லீக் சங்கத்தின் விசாரணை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. நீளமான மேசை, ஆடி ஆடிச் சுற்றும் ஒரு மின்விசிறி, சுவர் ஓரமாகப் பழைய கோப்பைகள். கட்டடத் தொழிலாளர் அணியின் தலைவர் எழுந்து, பந்து இல்லாத காலை உடைத்தவன் அந்தக் கால் மறுபடி மைதானத்துக்கு வரும்வரை ஆடக்கூடாது என்று சட்டம் போடச் சொன்னார்.

டிப்போ அணியின் கோச் சிரித்தார். "அப்படிப் போட்டா எவன் காலை நீட்டுவான்? ஆளாளுக்கு 'நீங்க போங்க, நீங்க போங்க'ன்னு வழிவிட்டு நிக்க வேண்டியதுதான். இது பந்தாட்டமா, சம்பந்தி வீட்டு விருந்தா?"

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. செயலாளர் பெயின்டரைப் பார்த்தார். அவன் சக்கர நாற்காலியில் இருந்தான். "எனக்குப் புகார் எதுவும் இல்லைங்க," என்றான்.

"எனக்கு இருக்கு." அவள் எழுந்து நின்றாள். புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் கயிறுகிட்ட உக்காந்திருந்தேன். பந்து போயிடுச்சு. போன பிறகுதான் கால் வந்துச்சு. வந்தவன் என் தம்பி. பொய் சொல்லி எனக்கு ஆக வேண்டியது ஒண்ணும் இல்லை."

கோச் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூட்டு நிமிரவே இல்லை.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும்மா," என்றார் செயலாளர். "சிவப்பு அட்டைக்கு எங்க சட்டத்துல மூணு மேட்ச்தான். அதுக்கு மேல கைவைக்க முடியாது."

"சட்டத்தை யாரு எழுதினது?"

"நாங்கதான்."

"அப்ப மாத்துங்க."

"அதெல்லாம் வருஷக் கூட்டத்துல பேசலாம்மா."

மூன்று ஆட்டம். பெயின்டர் ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதற்குள் முடிந்துவிடும் தண்டனை.

வெளியே படிக்கட்டில் அம்மா காத்திருந்தாள். "கூடப் பொறந்தவனை சபையில குனிய வெச்சுட்டியே. இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே," என்றவள் மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்கு வந்ததும் பெயின்டரும் பாய்ந்தான். "கால் என்னோடது. நீ எதுக்கு வாயைத் திறந்தே? மச்சானை மாட்டிவிட்டவன்னு நாளைக்கு எவனும் என்கூட பேச மாட்டான்."

"கால் உங்களோடதுதான். கழுவித் துடைச்சு மருந்து போடுறது யாரு?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தச் சுவருக்கு அவன்தான் வண்ணம் அடித்திருந்தான். ஆறு மாடி உயரத்தில் காற்றுக்கு அசையாமல் நின்றவன், இப்போது கழிப்பறைக்குப் போக அவள் தோளைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவதென்று தெரியாமல்தான் அவள்மேல் கொட்டுகிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது.

அவளுக்குத் திரைச்சீலை தைக்கும் பட்டறையில் வேலை. ஒரு மதிய இடைவேளையில், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பூட்டு அங்கே வந்து நின்றான். டிப்போ சட்டையில் கிரீஸ் கறை. அவன் இளைத்திருந்தான்.

"அக்கா."

அவள் தலை தூக்கவில்லை. கனமான துணியை ஊசிக்கு அடியில் தள்ளிக்கொண்டே இருந்தாள்.

"இடைவேளையில கோச் என்னைத் தனியா கூப்பிட்டாரு. 'அவனை நிறுத்து, எப்படியாவது நிறுத்து'ன்னாரு. எப்படியாவதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும்க்கா."

"பந்து போனது தெரியுமா?"

"தெரியும். காலை மடக்கியிருக்கலாம். மடக்கலை."

மெஷின் நின்றது. "இதை ஏன் அங்கே சொல்லலை?"

"சொன்னா டீம்ல இருக்க முடியுமா? பந்தை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? டிப்போவுல என்னை மனுஷனா மதிக்கிறதே அதுக்காகத்தான்."

"அவருக்கு மட்டும் வேற என்ன இருந்துச்சு?"

அவன் துணி மடிப்பு ஒன்றை நீவிவிட்டான். "நாலு திட்டாவது திட்டுக்கா."

"திட்டினா உனக்கு ஆறிடும். போ."

அவள் மறுபடி மெஷினை ஓட்டினாள். அவன் போன பிறகு பார்த்தால், தைத்தது முழுக்கக் கோணல். உட்கார்ந்து பிரித்தாள்.

பெயின்டருக்குக் காண்ட்ராக்டர் ஸ்டோரில் ஒரு வேலை கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்துக் கொடுக்க வேண்டும். நேற்றுவரை கூடவே சாரம் ஏறியவர்கள் "என்ன முதலாளி, சௌக்கியமா?" என்று கேலி செய்துவிட்டு மேலே ஏறினார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை.

அடுத்த சீசன் தொடங்கியது. பூட்டின் தடை முடிந்து, அவன் திரும்ப ஆடும் சனிக்கிழமை வந்தது. "போகலாம்," என்றான் பெயின்டர். அவளுக்கு இஷ்டமில்லை. ஆனால் ஊன்றுகோலோடு அவனைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. பழையபடி கயிற்றை ஒட்டி உட்கார்ந்தார்கள்.

எதிரணி கூரியர் கம்பெனி. அவர்களில் ஒல்லியாக ஒருவன் இருந்தான், சிட்டாகப் பறந்தான். பந்தோடு அவன் நேராகப் பூட்டை நோக்கி வந்தான். டிப்போ கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. பூட்டு சறுக்க இறங்கினான், கால் நீண்டது, நீண்ட கால் பாதியிலேயே மடங்கிக்கொண்டது. ஒல்லி அவனைத் தாண்டிப்போய் கோல் அடித்தான்.

"காலை இழுத்துக்கிட்டான்," என்றான் பெயின்டர் மெதுவாக.

டிப்போ கூட்டம் பூட்டின் அம்மாவையும் அக்காவையும் இழுத்துத் திட்டியது. அக்கா இங்கேயே உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. இன்னொரு முறையும் அவன் காலை இழுத்துக்கொண்டதும் கோச் அவனை வெளியே கூப்பிட்டார். "பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவனுக்குப் பதிலாக ஒரு கண்டக்டரை இறக்கினார். தடித்த ஆள். இறக்குவதற்கு முன் அவன் கழுத்தில் கையைப் போட்டு வளைத்து, காதோடு ஏதோ சொன்னார். அது என்னவென்று மைதானத்தில் இன்னும் இரண்டு பேருக்குத் தெரியும்: பெஞ்சில் இருந்த பூட்டுக்கும், கயிற்றுப் பக்கம் இருந்த அவன் அக்காவுக்கும்.

அதிக நேரம் ஆகவில்லை. ஒல்லி பந்தைத் தட்டிவிட்டுத் திரும்பினான். கண்டக்டர் பின்னாலிருந்து வந்து கணுக்காலில் இறங்கினான். ஒல்லி உருண்டான், காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். "அப்படிப் போடு!" என்று டிப்போ கூட்டம் கத்தியது. நடுவர் ஆட்டம் தொடரட்டும் என்று கையை வீசினார்.

அவள் திரும்பிப் பார்த்தபோது பெயின்டர் பக்கத்தில் இல்லை. கயிற்றைத் தூக்கி, ஊன்றுகோலை ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து மைதானத்துக்குள் போய்க்கொண்டிருந்தான். "என்னங்க!" என்று கத்தினாள். அவன் நிற்கவில்லை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பந்து ஒரு மூலைக்கு உருண்டு போனது.

"அட்டையை எடுங்க," என்றான் நடுவரிடம்.

"யோவ், வெளியே போய்யா."

"போறேன். அட்டையை எடுங்க, போறேன்."

"நொண்டி ஃபார்வர்டு இறங்கிட்டான்டோய்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, பெரிய சிரிப்பு எழுந்தது. எங்கிருந்தோ ஒரு தண்ணீர் பாட்டில் வந்து அவன் முதுகில் பட்டு விழுந்தது. பெயின்டர் குனிந்து பேண்டைச் சுருட்டி முழங்கால்வரை ஏற்றினான். தழும்பு வெயிலில் பளபளத்தது.

"இது விளையாட்டுல சகஜம்னு நான்தான் சொன்னேன். இதே வாயால சொன்னேன்," என்றான். கத்தியிருந்தால் ஒருவேளை இன்னும் சிரித்திருப்பார்கள். அவன் கத்தவில்லை. "இவனும் அதையே சொல்லுவான் பாருங்க. கட்டில்ல படுத்துக்கிட்டு, மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டு சொல்லுவான்."

யாரோ அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். ஈர மண்ணில் ஊன்றுகோல் இறங்க, அவன் தடுமாறினான். விழுமுன் தாங்கியது பூட்டு. பெஞ்சிலிருந்து எப்போது ஓடிவந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. உதறிவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். பெயின்டர் உதறவில்லை. முழுப் பாரத்தையும் மச்சான்மேல் சாய்த்தான்.

"பந்து போயிடுச்சுடா," என்றான்.

"பாத்தேன் மச்சான்."

இருவரும் சேர்ந்து வெளியே வந்தார்கள். நடுவர் அட்டையை எடுக்கவே இல்லை. ஒல்லியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்; கணுக்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

கண்டக்டர்மேல் விசாரணை எதுவும் இல்லை. நடுவர் தவறென்று சொல்லாததை விசாரிக்க முடியாதாம். பெயின்டருக்கு மட்டும் தண்டனை வந்தது: ஆட்டத்தைத் தடுத்ததற்காக ஒரு வருடம் மைதானத்துக்குள் நுழையக்கூடாது. அந்த ஆண்டு சங்கம் கொடுத்த மிகப் பெரிய தண்டனை அதுதான். டிப்போ அணி பூட்டை நீக்கிவிட்டது.

வருஷக் கூட்டத்தில் சட்டத் திருத்தம் கடைசியாக வந்தது, பாதிப் பேர் எழுந்து போகும் நேரத்தில். பூட்டு எழுந்து, பட்டறையில் அக்காவிடம் சொன்னதை அப்படியே சொன்னான். கோச் சொன்னது, பந்து போனது தெரிந்தது, காலை மடக்காதது. கோச் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "டீமை விட்டுத் தூக்கின கோபம்," என்றார். சிலர் தலையாட்டினார்கள். கை தூக்கச் சொன்னபோது கட்டடக்காரர்களும் கூரியர்காரர்களும் தூக்கினார்கள். போதவில்லை.

பூட்டு அக்காவோடு வீட்டுக்கு நடந்து வந்தான். அம்மா இப்போது அவனிடமும் பேசுவதில்லை. மகளின் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெயின்டர் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தான். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"தோத்துட்டோம்," என்றாள் அவள்.

"கோச்சை எதிர்ல வெச்சே சொன்னானா?"

"சொன்னான். எல்லாத்தையும் சொன்னான்."

பெயின்டர் தலையை ஆட்டினான். பூட்டு வாசலிலேயே செருப்போடு நின்றுகொண்டிருந்தான். "உள்ளே வந்து உக்காரு," என்றான் பெயின்டர். அவன் வந்து உட்கார்ந்தான். அன்று அந்த வீட்டில் ஆட்டத்தைப் பற்றி யாரும் வேறு எதுவும் பேசவில்லை.