தவளையின் வயிற்றில் யானை

சுவரொட்டி ஒட்டுவதையே தொழிலாகக் கொண்டு இருபத்திரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்ட அந்த மனிதருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அநேகமாக மறந்தே போயிருந்தது. தெருவில் எல்லாருக்கும் அவர் பசைவாளி. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது. அவர் ஒட்டிய எதுவும் ஒரு வாரம் தாண்டி நின்றதில்லை. காலையில் அவர் ஒட்டிய தாளின்மேல் மாலையில் வேறொருவன் வந்து ஒட்டிவிடுவான். அவன் வராவிட்டால் மழை வரும். மழையும் வராவிட்டால் ஆடு வரும். ஆயிரக்கணக்கான சுவர்களுக்கு உடுப்பு மாட்டியவருக்கு, 'இது நான் ஒட்டியது' என்று கைநீட்டிக் காட்ட ஊரில் ஒரு சாண் இடம்கூட மிஞ்சவில்லை.

ஆகவே, நூலகத்தில் உதவியாளராக இருந்த அவருடைய கொழுந்தியாள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வந்து, குழந்தைகளுக்கென்று புதிதாக ஒதுக்கிய மூலையில் மூன்று விளக்குகளின் வெள்ளைத் துணிக் கூண்டுகள் பூசணிக்காய் போல மொட்டையாகத் தொங்குகின்றன என்றும், தலைமை நூலகர் கடையிலிருந்து படம் போட்ட விளக்குக் கூண்டுகள் வாங்கப் போகிறார் என்றும் சொன்னபோது, அவர் கையிலிருந்த சோறு அந்தரத்திலேயே நின்றது. கடை எதற்கு, நான் இருக்கிறேனே என்றார்.

"அத்தான், இது சுவரு இல்ல. வாளியில தோய்ச்சு விளக்குமாத்தால வீசி அடிக்கிற வேலையும் இல்ல," என்றாள் கொழுந்தியாள்.

விளக்குமாறு அல்ல, அதற்குப் பெயர் பசைத்தூரிகை என்று அவர் திருத்தினார். மனைவி சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தாள். ஆனால் மறுநாளே தலைமை நூலகரின் பதில் வந்துவிட்டது. மூன்று கூண்டுகளையும் எடுத்துப் போகலாம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தம் கண்முன் மாட்டிக் காட்ட வேண்டும். பிடித்தால் அவை அங்கேயே நிற்கும். பிடிக்காவிட்டால் திங்கள் காலையில் கடைக்கு ஆள் போகும்.

'அவை அங்கேயே நிற்கும்' என்ற சொற்களை அவர் அன்று எத்தனை முறை தமக்குள் சொல்லிப் பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கூடம் போர்க்களமாயிற்று. பழைய மிட்டாய்க் காகிதங்கள், பரிசுப் பொருள் சுற்றிவந்த தாள்கள், வண்ண வார இதழ்கள், ஒற்றையாய் மிஞ்சிய பொத்தான்கள், கம்பளி நூல், கிழிந்த பாவாடையின் சரிகை, ஜிகினாத் தூள் என்று வீட்டில் தூக்கி எறியத் தகுந்தவை எல்லாம் திடீரென்று மதிப்புப் பெற்றன. மனைவி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மடிப்பு வேலை செய்பவள். அவள் கத்தரித்தால் நூல் பிடித்தது போல இருக்கும். அவள் கத்தரித்துக் கொடுக்க, அவர் மைதாப் பசை தடவி ஒட்டினார்.

முதலில் இதழ்களிலிருந்து வெட்டிய யானை ஊர்வலம் ஒன்று கூண்டுகளைச் சுற்றி வந்தது. பத்து மணிக்கு அது அவருக்குச் சலித்துவிட்டது. யானையை எவனும் ஒட்டுவான் என்றார். அதன்மேல் பாய்மரக் கப்பல்கள் ஏறின. நண்பகலில் கப்பலும் பழசாயிற்று. பிற்பகலில், பல் குத்திக்கொண்டிருந்தவர் குச்சியை எறிந்துவிட்டு எழுந்தார்.

"தவளை," என்றார்.

"எங்கேங்க?" என்று மனைவி காலைத் தூக்கிக்கொண்டாள்.

தரையில் இல்லை, தலையில். பேராசைக்காரத் தவளை ஒன்று, ஊருக்கெல்லாம் பொதுவாய் மினுக்கித் திரிந்த மின்மினியை விழுங்கிவிடுகிறது. வெளிச்சம் இனித் தனக்கு மட்டும்தான் என்று வயிற்றைத் தடவிக்கொள்கிறது. அந்த வயிற்று வெளிச்சத்தை அடையாளம் வைத்துக்கொண்டே பாம்பு வந்து சேர்கிறது. தவளை பதறி வாயைத் திறக்க, மின்மினி பறந்துபோகிறது. இருட்டில் தவளையும் பிழைக்கிறது. கூண்டு மூன்று, கதையும் மூன்று கட்டம். அவர் சொல்லி முடித்தபோது மனைவி கத்தரிக்கோலை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள்.

கப்பலை உரிக்க வேண்டாமா என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவர் தம் தொழிலின் முதல் வேதத்தை எடுத்துரைத்தார். பழையதை உரிப்பவன் பொழுதைத் தின்பவன். ஒட்டுகிறவன் மேலேயே ஒட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் சில சுவர்கள் நிற்பதே செங்கல்லால் அல்ல, தன்னுடைய தாள்களால்தான் என்றார். அவ்வாறே கப்பலின்மேல் தவளை ஏறிற்று.

ஞாயிறு மூன்று மணிக்கு எல்லாம் முடிந்திருந்தது. பொத்தான் கண்களும் சரிகைப் புல்லும் ஜிகினாக் குளமுமாய் மூன்று கூண்டுகளும் மேசைமேல் கல்யாணப் பெண்கள் போல உட்கார்ந்திருந்தன. அழைத்துப்போக வந்த கொழுந்தியாள்கூட மூன்றையும் குனிந்து குனிந்து பார்த்தாள். பிறகு, விளக்கைப் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டாள்.

அவர் கடகடவென்று சிரித்தார். சுவரொட்டிக்கு யாராவது உள்ளேயிருந்து விளக்குப் போடுவார்களா? ஆனால் மனைவி சிரிக்கவில்லை. சமையலறைச் சன்னலைச் சாத்தினாள், தொங்கிய பல்பின்மேல் முதல் கூண்டை மாட்டினாள், விசையைத் தட்டினாள்.

தவளையின் வயிற்றுக்குள் ஒரு யானை நின்றது. தும்பிக்கை தவளையின் தொண்டைவரை நீண்டிருந்தது. தலையில் பாய்மரம் முளைத்திருந்தது. காலடியில், இதழ்த் தாளின் பின்பக்கத்து எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரிந்தன. அவை ஏதோ மூலச் சூரணத்தின் விளம்பரம். இவற்றுக்கெல்லாம் நடுவே, பசை திட்டுத் திட்டாய்ப் படிந்து, யாரும் காணாத கண்டங்களின் வரைபடம் போலக் கறுத்திருந்தது.

கொழுந்தியாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அத்தான், மின்மினி பத்தலைன்னு யானையவே முழுங்கிடுச்சு. கூடவே சூரணமும் சாப்பிட்டிருக்கு, செரிக்கணும்ல."

மற்றொரு நாளாக இருந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். அன்று அவர் முகம் செத்துவிட்டது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை. மூன்றேகால் மணி. கடையிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடு என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. தான் பிறந்ததே ஒரு வாரத்துக்குத்தான் போலிருக்கிறது என்று முணுமுணுத்தார். கொழுந்தியாளின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அந்த மூன்று கூண்டுகள் அவருக்கு எதுவாக இருந்தன என்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

மனைவி விளக்கை அணைத்தாள். தவளை மட்டும் இருந்தது. மறுபடியும் போட்டாள். யானை வந்தது. அணைத்தாள். போனது.

"நில்லு," என்றார் அவர். "அந்த யானை இப்ப எங்க?"

"உள்ளதாங்க இருக்கு."

"தெரியுதா?"

"இல்ல."

"போடு."

யானை வந்தது. அவர் எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது. மனைவி வெட்டிக் கொடுத்த மின்மினியை எல்லாரும் பார்க்கும்படி வெளியே ஒட்டியது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அவர் தம்மைத் தாமே திட்டிக்கொண்ட விதத்தில் இருவருக்கும் முதலில் பயமே வந்தது. பிறகுதான் விஷயம் விளங்கிற்று. விழுங்கியது உள்ளேதானே இருக்க வேண்டும்? பதுங்கிய பாம்பும் உள்ளேதானே இருக்க வேண்டும்? வெளியே வெறும் தவளை, வெறும் புல். விளக்கைப் போட்டால்தான் கதை.

"ஒண்ணே முக்கா மணி நேரம்தான் இருக்கு, அத்தான்."

"நிறைய இருக்கு. வெந்நீர் வை."

இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அவர் உரித்தார். வெந்நீரில் பிழிந்த துணியை ஒற்றி ஒற்றி, பசை இளகியதும் கரண்டிக் காம்பால் நெம்பி, கப்பலையும் யானையையும் சூரணத்தையும் வழித்தெடுத்தார். கூண்டின் துணி கிழிந்துவிடாமல் மனைவி உள்ளங்கையை உள்ளே முட்டுக்கொடுத்துப் பிடித்தாள். பிறகு ஒற்றைப் பச்சை மெல்லிய தாளில் தவளை. பின்புறம் எழுத்தில்லாத தாளில் புல். பாம்புக்குப் பெட்டி அட்டை. மனைவி கோடு போடாமலேயே வளைத்து வெட்டிய அந்தப் பாம்பு கத்தரியிலிருந்து இறங்கும்போதே நெளிந்தது. அதை இரண்டாவது கூண்டின் உட்புறமும், அதன் இணையை மூன்றாவதன் உட்புறமும் ஒட்டினார்கள். மின்மினிக்குத் தாளே வேண்டாம் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். கோணி ஊசியால் தவளையின் வயிற்றில் ஒரு துளை குத்தினாள். விளக்குப் போட்டதும் அந்தத் துளை நெருப்புப் பொறியாய் நின்றது. மூவரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். அதன்பின் ஊசியை அவளிடமிருந்து பிடுங்கத்தான் முடியவில்லை. மூன்றாவது கூண்டில், விடுபட்ட மின்மினி பறந்த வழியெல்லாம் துளைத்துக்கொண்டே போனாள்.

கொழுந்தியாள் தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடித்துக்கொண்டு மூன்றுக்கும் மாறி மாறி ஓடினாள். தன் தலைக்குக்கூட இவ்வளவு பணிவிடை செய்ததில்லை என்றாள். நாலே முக்காலுக்கு, இரண்டாவது கூண்டின் பாம்பு வால் நழுவிக் கீழே இறங்கிற்று. சரிசெய்ய நேரமில்லை. தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? கொழுந்தியாள் தன் வண்டியில் முன்னே போக, அவருடைய ஸ்கூட்டரில் மனைவி பின்னால் உட்கார்ந்து, ஒன்றைத் தலையிலும் இரண்டை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் மிகுந்த கம்பீரத்துடன் நேராகப் பார்த்தாள்.

தலைமை நூலகர் சொற்களைக் கடன் கொடுப்பவர் போலப் பேசுபவர். மூன்று கூண்டுகளையும் மாட்டி முடித்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். சன்னல் வழியே வெயில் இன்னும் வந்துகொண்டிருந்தது.

"தவளை," என்றார் முதலாவதைப் பார்த்து. "தவளை," என்றார் இரண்டாவதைப் பார்த்து. மூன்றாவதற்கு வந்தபோது, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பசைவாளி விளக்க வேண்டும் என்று நினைத்தார். கதையை முன்பே சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று என்றும் நினைத்தார். நல்லவேளை, மனைவி அதற்குள் திரைச்சீலையை இழுத்திருந்தாள். கொழுந்தியாள் விசையைத் தட்டினாள்.

முதல் தவளையின் வயிற்றில் மின்மினி பற்றிக்கொண்டது. இரண்டாவதில், அதுவரை வெறும் புல்லாக இருந்த இடத்திலிருந்து கரிய பாம்பு ஒன்று தவளையை நோக்கி எழுந்தது. மூன்றாவதில் பொறிகள் வளைந்து வளைந்து கூரையை நோக்கி ஏறின. கீழே பாம்பு எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்தது.

தலைமை நூலகர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். நடந்து வந்து, கொழுந்தியாளைச் சற்றே விலகச் சொல்லி, விசையைத் தாமே அணைத்தார். போட்டார். அணைத்தார். மீண்டும் போட்டுவிட்டு மூவரையும் பார்க்காமலேயே, இன்னும் ஒருமுறை மட்டும் என்றார்.

ஐந்தாவது முறைக்குப் பிறகு, "பாம்பு வால் சரிஞ்சிருக்கே," என்றார்.

"இப்பவே எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக் கொண்டாந்துடறேன் சார்," என்று பசைவாளி கையைத் தூக்கினார்.

"எடுக்க வேணாம். தொடாதீங்க. அது அங்கயே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் பசைவாளி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பாமல், எங்கே வைத்தோம் என்றே தெரியாதவர் போல அதைச் சுற்றி இரண்டு முறை வந்தார். கொழுந்தியாள் அவரை நிறுத்தி, விளக்குமாற்றுக்கு இனி நானும் பசைத்தூரிகை என்றே சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

அதன்பின் ஒரு வாரம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. நட்ட விதையைத் தினமும் தோண்டிப் பார்த்தால் முளைக்காது என்று மனைவி தடுத்திருந்தாள். எட்டாம் நாள் மாலை, சட்டைக் கையில் காய்ந்த பசையோடு, வேலை முடிந்து நேராக நூலகத்துக்குப் போனார். படியேறும்போதே கால் தயங்கிற்று. மூன்று கூண்டுகளும் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே யாரும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

விசைக்குப் பக்கத்தில் முன்பல் விழுந்த ஒரு சிறுமி முழு அதிகாரத்துடன் நின்றிருந்தாள். புதிய ஆளைக் கண்டதும் அவரைக் குட்டி நாற்காலி ஒன்றைக் காட்டி உட்காரச் சொன்னாள். முழங்கால் தாடையைத் தொட, அவர் உட்கார்ந்தார். மாமாவுக்கு இது என்னவென்று தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார்.

"இது வெறும் தவளைன்னு நெனப்பீங்க. அது இல்ல. உள்ள ஒரு பாம்பு இருக்கு. ஆனா அது கெட்ட பாம்பு இல்ல. அதுக்கு வீட்டுக்குப் போகணும், இருட்டுல வழி தெரியல. அதான் வெளிச்சத்தப் பார்த்து வந்துச்சு."

"அப்படியா? எனக்கு இது தெரியாதே."

"கண்ண மூடுங்க. நான் சொல்றப்பத்தான் தொறக்கணும். விரல் சந்துல பாக்கக் கூடாது."

எந்தத் துளை எங்கே இருக்கிறது என்று விரல் நுனியில் வைத்திருந்த அந்த மனிதர், பசை படிந்த இரண்டு கைகளாலும் கண்களை இறுகப் பொத்திக்கொண்டார். அவள் சொல்லும்வரை காத்திருந்தார்.