டாஃபியும் முப்பத்தொரு பற்களும்

என் கல்யாணத்துக்கு அப்பா தரப்போகும் பரிசு பல் செட் என்று முடிவாகியிருந்தது. மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும். அதைப் பொருத்த வேண்டுமென்றால் என் வாயில் ஏற்கெனவே இருக்கிற முப்பத்தொன்றையும் பிடுங்கியாக வேண்டும். ஏப்ரல் மாதம், இரண்டாவது வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. கல்யாணம் ஜூலையில், மில்களெல்லாம் மூடுகிற விடுமுறை வாரத்தில். அந்த வியாழனைத் தவறவிட்டால் அதற்குள் ஈறு ஆறாது. பொக்கை வாயோடுதான் சர்ச்சில் போய் நிற்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் நெசவு மில் தெருவில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. கொஞ்சம் வசதியுள்ள அப்பாக்கள் எல்லாரும் பெண்ணுக்கு இதைத்தான் செய்தார்கள். நான் கட்டிக்கொள்ளப் போகிற வில்ஃபின் அம்மா மிசஸ் ஹார்ட்லி, நிச்சயமான அன்றே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"பல்லெல்லாம் எப்ப எடுக்கப் போறீங்க?"

"என் பல்லுல சொத்தையே இல்லீங்களே," என்றேன்.

"இன்னிக்கு இல்ல. முதல் பிள்ளை பொறந்ததும் வரும். ரெண்டாவதுக்கு மொத்தமும் ஆடும். அப்புறம் ராத்திரியெல்லாம் நீ கத்துவ, என் பையன் தூக்கமில்லாம வேலைக்குப் போவான். இப்பவே முடிச்சிட்டா ஆயுசுக்கும் நிம்மதி பொண்ணே. என்னைப் பாரு." சொல்லிவிட்டு மேல் செட்டை நாக்கால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினாள். டக்கென்றது. நான் கையிலிருந்த கேக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

அம்மாவாவது என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அம்மா அவளுக்கு மேல். "எனக்கும் கல்யாணத்துக்கு முன்னாடிதான் எடுத்தாங்க. இருபத்திநாலு வருஷமாச்சு, ஒருநாள் பல்வலின்னு படுத்திருக்கேனா?" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மட்டும் ஏன் மனம் ஒப்பவில்லை என்று கேட்டால், டாஃபிதான் காரணம். சிரிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மில் விட்டதும் நானும் வில்ஃபும் டாட்டர்சால் கடைக்குப் போவோம். மிசஸ் டாட்டர்சால் தட்டில் கிடக்கும் பெரிய டாஃபிப் பாளத்தைச் சின்னச் சுத்தியலால் இரண்டு போடு போட்டு உடைப்பாள். துண்டுகளைத் தராசில் கொட்டி, கால் பவுண்டு நிறுத்துக் காகிதப் பையில் போட்டு, பையின் இரு காதையும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றித் தருவாள். வாரம் முழுக்கத் தறியின் இரைச்சலில் நின்றவளுக்கு அந்தப் பை கைக்கு வருவதே பாதி சுகம்.

முதல் துண்டு வாயில் போனவுடன் அதன் கூர்முனை கன்னத்தைக் குத்தும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைக்க வேண்டும். வெண்ணெய் மெல்ல இறங்கும். பிறகு தீய்ந்த சர்க்கரையின் லேசான கசப்பு, கடைசியில் ஒரு பொட்டு உப்பு. வில்ஃப் கடைசிவரை சப்பியே தின்பான். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முனை மழுங்கியதும் கடைவாய்க்குத் தள்ளி ஒரே கடி. 'மடக்' என்று மண்டைக்குள்ளேயே கேட்கும். அதன் பிறகு மெல்ல மெல்ல இளகிப் பல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்கள், அதுதான் டாஃபி. பல் செட் போட்டவர்கள் டாஃபியைக் கடித்தால் செட்டே அதோடு கழன்று வந்துவிடும்.

"எதிர்த்தெருவுக்குக் கேக்குதுடீ நீ கடிக்கிறது," என்பான் வில்ஃப்.

அந்த வியாழனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவனிடம் நேராகவே கேட்டேன். "என் பல்லப் பிடுங்கறதுல உனக்குச் சம்மதமா?"

"எல்லாரும் செய்யறதுதானே?"

"எல்லாரையும் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

அவன் டாஃபியை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினான். "அம்மா சொல்றா, நல்லதுன்னு." அவ்வளவுதான். நல்லவன்தான், ஆனால் அன்றைக்கு அவனைக் கால்வாயில் தள்ளிவிடலாம் போலிருந்தது.

அப்பாவிடம் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதற்குக் காரணம் சாமுவேல் பெரியப்பா. நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வயதில் ஒரு கடைவாய்ப் பல் சீழ் பிடித்து, முகம் வீங்கி, ஐந்தாம் நாள் செத்துப்போனவர். பக்கத்துக் கட்டிலில் அந்த ஐந்து நாளும் படுத்திருந்தவர் என் அப்பா. சின்ன வயதில் நான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தால்கூட ஓடிவந்து, "என்னம்மா, வலிக்குதா? எங்க, காட்டு" என்று விளக்கை எடுத்து வருவார். அந்தப் பயத்தை என்றைக்காவது ஒரு நாள் இறக்கிவைக்க அவர் இருபத்தொரு வருடமாகக் காத்திருந்தார். அவரிடம் போய் டாஃபி தின்ன முடியாதே என்று எப்படிச் சொல்வது?

வியாழன் காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. மயக்க வாயு கொடுப்பதால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று பல் வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மா பழைய துண்டுகளை வெந்நீரில் போட்டு அலசி, கணப்படுப்பின் முன்னால் காயவைத்திருந்தாள். ரத்தத்துக்கு. பக்கத்தில் சூப் கொதித்தது. அப்பா மில்லில் அரைநாள் விடுப்பு கேட்டு வாங்கி, சர்ச்சுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

போகிற வழியில் டாட்டர்சால் கடை வந்ததும் என் கால் தானாக நின்றது. அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"ஈறு ஆறினதும் சப்பித் தின்னலாம்டா கண்ணு. இரு, வாங்கித் தரேன்." உள்ளே போய்க் கால் பவுண்டு வாங்கிவந்து என் கையில் கொடுத்தார். அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துகிற முகம். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, கோபம் வந்ததற்காக வெட்கமும் வந்தது.

பல் வைத்தியர் வீட்டில் காத்திருக்கும் அறை குளிர்ந்து கிடந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ தகரத் தட்டில் விழும் சத்தம் கேட்டது. டிங். கொஞ்சம் இடைவெளி. டிங். நான் எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பதினொன்றில் நின்றது. கதவு திறந்து, என் வயதுப் பெண் ஒருத்தி வாயில் சால்வையைப் பொத்திக்கொண்டு வந்தாள். அவளைத் தாங்கிவந்த அவள் அம்மா எங்களைப் பார்த்து, "சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று சிரித்தாள். அந்தப் பெண் எங்கேயும் பார்க்கவில்லை.

அப்பா எழுந்துபோய் அவர்களுக்காக வாசல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் மடியில் பை இருந்தது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். பெரிய துண்டு.

போட்ட பிறகுதான் உறைத்தது. துப்பலாம் என்றால் அப்பா திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சப்பினால் கன்னம் புடைத்துக் காட்டிக்கொடுக்கும். சத்தம் வராமல் கடைவாயில் வைத்து மெல்ல அழுத்தினேன். டாஃபி இளகி, மேலும் கீழும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நர்ஸ் வந்து "மிஸ் ஆஷ்வொர்த்" என்று கூப்பிட்டபோது வாய் திறக்க வரவில்லை.

நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வாயு கொடுக்கும் டாக்டர் ஒரு பக்கம், முகத்தில் பொருத்தும் ரப்பர் மூடியோடு நின்றார். பல் வைத்தியர் மிஸ்டர் பிரின்டில் தெற்கேயிருந்து புதிதாக வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையே?"

"பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படல சார்," என்றார் அப்பா, எனக்குப் பதிலாக. சுவர் ஓரம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லது. வாயைத் திறம்மா."

நான் திறக்கவில்லை. ரப்பர் மூடி முகத்தருகே வந்தது. வாயில் டாஃபியோடு மயங்கினால் அது தொண்டைக்குள் இறங்கும், மூச்சு நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதைச் சொல்லிவிட்டால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம். தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தேன்.

தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குக் குரல் தேவையில்லை. அந்த இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பெரிதாக அசைத்துத்தான் பேசுவோம். மூன்று தறி தள்ளி நிற்பவள் வீட்டுச் சண்டையை ஒரு சொல் விடாமல் தெரிந்துகொள்வோம். அப்பா முப்பது வருடம் தறிக்கூட மேஸ்திரி. என் பல் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன, உதடு இருந்தது.

'வேணாம்ப்பா,' என்றேன் சத்தமில்லாமல்.

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். அவர் உதடும் அசைந்தது. 'பயமா?'

'பயந்தான். பயமில்லாட்டியும் வேணாம்.'

'சாமுவேல்,' என்றார் அப்பா. அவர் கண் நிறைந்துவிட்டது.

'அது பெரியப்பா. இது நான். என் பல்லு எனக்கு வேணும்ப்பா.'

"என்ன நடக்குது இங்க?" என்றார் மிஸ்டர் பிரின்டில், எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்து. "பொண்ணுக்கு வலிப்பு கிலிப்பு உண்டா?"

அப்பா தொப்பியை இரண்டு சுற்று சுற்றினார். அந்த இரண்டு சுற்றுக்குள் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு எழுந்து நின்று சொன்னார்: "விட்டுடுங்க சார்."

"அப்ப அடுத்த வியாழக்கிழமைக்கு எழுதிக்கவா?"

"வேணாம் சார். அவளுக்கு வேணாமாம்."

வெளியே வந்து நடக்கிற வழியில் டாஃபி கரைந்து வாய் திறந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டாஃபியை வாயில் போட்டது உட்பட. அப்பா திட்டவில்லை. "அந்த மூடியை வச்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பிறகு எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். மிசஸ் ஹார்ட்லிக்கு யார் சொல்வது, கல்யாணம் நிற்குமா, அப்பா என்னை மன்னிப்பாரா என்று என் மனம் ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தது.

அம்மா துண்டோடு வாசலுக்கே ஓடிவந்தாள். "என்னடீ இவ்வளவு சீக்கிரம்? வாயைத் திற, பாக்கறேன்."

திறந்தேன்.

அம்மா திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் விரல் என் முன்பல்லில் பட்டது. அடுத்த பல், அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனது.

"வேணாம்னு சொன்னா," என்றார் அப்பா, பின்னாலிருந்து. "நானும் சரின்னுட்டேன்."

அம்மா விரலை எடுத்தாள். "வேணாம்னு சொல்லலாமா?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. "எனக்குத் தெரியாதே. எங்கப்பா கூட்டிட்டுப் போனாரு, நீங்க வெளியில பூ வாங்கி வச்சிட்டு நின்னீங்க. வேணாம்னு சொல்லலாம்னு எனக்கு யாருமே சொல்லலையே."

அப்பா தொப்பியைக் கழற்றவும் மறந்து நின்றார். அம்மா போய் மேசையருகே உட்கார்ந்தாள். என் கையிலிருந்த பையை வாங்கிப் பிரித்தாள். பிறகு, கட்டிய நாளிலிருந்து தூங்கும்போதுகூடப் புருஷன் கண்ணில் பொக்கையாகக் காட்டாத வாயிலிருந்து, மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி, கழுவிக் காயவைத்த அந்தத் துண்டின்மேல் வைத்தாள். கன்னம் உள்ளே விழுந்து, எனக்கே தெரியாத ஒரு முகம் தெரிந்தது. ஒரு துண்டு டாஃபியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அப்பாவை நேராகப் பார்த்தாள்.

அப்பா எங்கேயும் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ரொம்ப வலிச்சுதா, செலினா?"

அம்மா டாஃபியைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.